கண்ணில் அட்டை!

அது 1993. மெட்ராஸ் இன்னும் சென்னை ஆகவில்லை. நானும் இன்னும் மனுஷன் ஆகவில்லை. திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில், மூன்று பேர் தங்கும் அறையில் நான்காவது ஆள். ஆபீசில் கடைசி மேஜை, கால் ஆடும் நாற்காலி. சம்பளம் பத்து நாளைக்குத்தான் தாங்கும். மாதமோ முப்பது நாள். மிச்சம் இருபது நாளைக்கு என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் அறை நண்பன் அந்தச் செய்தியைக் கொண்டு வந்தான்.

''ஒரு அச்சாபீஸ்காரர் இங்கிலீஷ் புஸ்தகத்தைத் தமிழ்ல எழுதித் தர ஆள் தேடறார்டா. பக்கத்துக்கு எட்டு ரூபா.''

எட்டு ரூபாய்! மெஸ்ஸில் ஒரு அளவுச் சாப்பாடு. ஒரு பக்கம் எழுதினால் ஒரு வேளை சோறு என்று மனசுக்குள் கணக்குப் போட்டுவிட்டு ஓடினேன்.

அச்சாபீஸ்காரர் நீட்டிய புத்தகத்துக்கு அட்டை இல்லை. (இந்த அட்டையைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) உள்ளே இங்கிலாந்தின் பழங்கால மூலிகை வைத்தியக் குறிப்புகள். ஆயிரம் வருஷத்துக்கு முந்திய ஏட்டுச் சமாசாரம் எல்லாம் தொகுத்துப் போட்டிருந்தார்கள். ''நம்ம பாட்டி வைத்தியம் சக்கைப்போடு போடுது தம்பி. வெள்ளைக்காரப் பாட்டி வைத்தியம் போகாதா?'' என்றார்.

என் தகுதியைச் சொல்லிவிடுகிறேன். பி.காம். இங்கிலீஷ் பேப்பரில் நாற்பத்தொரு மார்க். கையில் பழைய புத்தகக் கடையில் வாங்கிய பாக்கெட் அகராதி. அதில் 'எஸ்' எழுத்துக்கு அப்புறம் நேராக 'டபிள்யூ'தான் இருக்கும். நடுவில் உள்ளதைக் கரப்பான் தின்றிருந்தது.

ஆனாலும் பேனா பறந்தது. ராத்திரி பதினொரு மணிக்கு மேல், நண்பர்களின் குறட்டைக்கு நடுவே, ஒரு நாளைக்கு நாலு பக்கம். சந்தேகம் வந்த இடத்தில் நின்றால் எட்டு ரூபாய் போய்விடுமே. அதனால் நிற்கவில்லை.

முதலில் 'வொர்ட்' என்று முடியும் பெயர்களாக வந்தன. லங்வொர்ட், லிவர்வொர்ட், ஸ்ப்ளீன்வொர்ட்... அகராதியில் 'வார்ட்' என்றால் மரு என்று இருந்தது. சரி, அச்சுப்பிழை போலிருக்கிறது என்று நானே பெரிய மனசு பண்ணித் திருத்தி, 'நுரையீரல் மரு', 'கல்லீரல் மரு', 'மண்ணீரல் மரு' என்று எழுதினேன். 'கார்ன்' வந்தது. மக்காச்சோளம் என்றேன். 'பிளான்டெய்ன்' வந்தது. இது தெரியாதா? வாழை! அடுத்த பக்கத்தில் 'வேபிரெட்' என்று ஒன்று. வழி, ரொட்டி. வழியில் சாப்பிடும் ரொட்டி. ரொம்ப யோசித்து 'கட்டுச்சோறு' என்று எழுதினேன். எழுதிவிட்டு, என் புலமையை நினைத்து நானே சிரித்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் கண் மருந்து ஒன்று வந்தது. கண்ணில் வரும் கட்டிக்கு. 'கிராப்லீக்' என்று ஒரு கீரையோ கிழங்கோ, அதே அளவு பூண்டு, இரண்டையும் சேர்த்து நன்றாக இடிக்க வேண்டும். திராட்சை மதுவும் மாட்டுப் பித்தமும் சம அளவு விட்டு, பித்தளைப் பாத்திரத்தில் ஒன்பது ராத்திரி வைத்து, துணியில் வடிகட்டி, கொம்பில் ஊற்றி வைத்துக்கொண்டு, ராத்திரி வேளையில் இறகால் தொட்டுக் கண்ணில் தடவ வேண்டும். இது தலைசிறந்த 'லீச்டம்' என்று முடிந்திருந்தது.

லீச்டம் அகராதியில் இல்லை. லீச் இருந்தது. அட்டை. 'கிங்டம்' ராஜ்யம் என்றால் 'லீச்டம்' அட்டை ராஜ்யமா? நன்றாக இல்லையே! நம் ஊர் வைத்தியத்திலும் அட்டை விடுவது உண்டல்லவா? அதனால் 'சிறந்த அட்டை வைத்தியம்' என்று எழுதினேன். அதோடு விட்டிருக்கலாம். வாசகருக்குப் புரிய வேண்டுமே என்ற அக்கறையில் ஒரு வரி சொந்தமாகச் சேர்த்தேன். 'பிறகு ஒரு அட்டையைப் பிடித்துக் கண்ணில் விட வேண்டும்.'

அடுத்த வாரம் அச்சாபீசுக்குக் காசு வாங்கப் போனபோது, ''உன்னை சார் கூப்பிடறாரு'' என்றார் கம்பாசிட்டர்.

சார் என்றால் புரூஃப் பார்ப்பவர். ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் வாத்தியாராக இருந்து ரிட்டயர் ஆனவர். ஜன்னலோரம் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். கேலி புரூஃப் தாளை மூக்குக்கு மூன்று விரற்கடை தூரத்தில் பிடித்து, தலையை இடமும் வலமும் ஆட்டி ஆட்டிப் படித்தார். முதலில் அது பழக்கதோஷம் என்றே நினைத்தேன்.

''நீதானாப்பா அது? உக்காரு'' என்றார். அப்புறம் தாளைத் தூக்கிக் காட்டி ரொம்ப சாந்தமாகக் கேட்டார்: ''இந்த அட்டையை முதல்ல என் கண்ணுல விட்டுப் பாக்கலாமா?''

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

''எனக்குக் கண்ணுல பிரஷர். ஒரு பக்கம் போயாச்சு. இன்னொண்ணு போயிட்டிருக்கு. முதலாளிக்குச் சொல்லிடாதே, வேலை போயிடும். நாளைக்கு இதை எவனாவது படிச்சிட்டு ராத்திரி புள்ளை கண்ணுல அட்டையை விட்டான்னா நீ வந்து பதில் சொல்லுவியா?''

எட்டு ரூபாய்க்கு எழுதிய ஒரு வரி. அது அச்சாகி, ஒரு வீட்டுக்குள் போய், ஒரு குழந்தையின் இமையைப் பிரித்து... அதுவரை எனக்கு அது தோன்றவே இல்லை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

''சார், லீச்னா அட்டைதானே?''

''இன்னிக்கு அட்டை. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால லீச்னா டாக்டர். லீச்டம்னா மருந்து, சிகிச்சை. வார்த்தை செத்துப் போச்சுப்பா. ஸ்வீடன்காரன் இன்னிக்கும் டாக்டரை அந்த இன வார்த்தையாலதான் கூப்பிடறான். லேக்கரேன்னு.'' டாக்டர் லீச்சும் ரத்தம் குடிக்கும் லீச்சும் முதலில் வேறு வேறு வார்த்தைகளாக இருந்து, பிறகு உச்சரிப்பில் ஒன்றாகிவிட்டதாக அறிஞர்கள் சொல்கிறார்களாம். ''ஃபீஸ் வாங்கறதைப் பாத்து ஜனங்களே ரெண்டையும் சேத்துட்டாங்களோ என்னவோ'' என்றார்.

அப்புறம் ஒவ்வொன்றாக அவிழ்த்தார். ''என்னப்பா, அந்த தேசத்துல எல்லாருக்கும் உள்ளுறுப்புல மரு முளைச்சிருக்கு?'' வொர்ட் என்றால் பழைய இங்கிலீஷில் செடி, பூண்டு. நுரையீரலுக்கு ஆகும் என்று நம்பிய செடி லங்வொர்ட். அதன் இலையில் வெள்ளைப் புள்ளிகள் இருக்கும். பார்த்தால் நோய் பிடித்த நுரையீரல் மாதிரி. எந்த உறுப்பு மாதிரி இருக்கிறதோ அந்த உறுப்புக்கு மருந்து என்பது அந்தக் காலத்துச் சித்தாந்தம். கிழங்கு மூலக்கட்டி மாதிரி இருந்தால் பைல்வொர்ட். (உட்கார்ந்தே வேலை பார்க்கும் நம் இனத்துக்கு இதை மறக்க முடியாது.) வொர்ட் என்ற வார்த்தை தனியாக நிற்கும் தெம்பை இழந்துவிட்டது. செடிகளின் பெயருக்கு வாலாக மட்டும் உயிரோடு இருக்கிறது.

''மக்காச்சோளம்னு எழுதியிருக்கே. கொலம்பஸ் அமெரிக்கா போனது 1492. அதுக்கு ஐந்நூறு வருஷம் முன்னாலயே இவங்க வீட்டுல மக்காச்சோளமா?'' கார்ன் என்றால் அப்போது எந்தத் தானியமும்தான். கோதுமை, பார்லி எல்லாம். மிளகுக்கு இன்றும் பெப்பர்கார்ன் என்று பெயர் இருக்கிறதே, அந்தக் கார்ன்.

வாழைக்கு வந்தபோதுதான் சார் சிரித்தார். ''இதுல உன்னைத் திட்ட எனக்கு யோக்கியதை கிடையாது. ரோமியோ ஜூலியட்ல ஒரு இடம் வரும். முழங்காலுக்குக் கீழ அடிபட்டா பிளான்டெய்ன் இலை நல்லதுன்னு ரோமியோ சொல்லுவான். நானே பதினோரு வருஷம் பசங்களுக்கு வாழை இலைன்னு சொல்லிக் குடுத்தேன். பசங்களும் வெரோனா நகரத்துல கல்யாணச் சாப்பாடு நடக்கறதா நினைச்சுட்டாங்க.''

அந்தப் பிளான்டெய்ன் வாழை இல்லை. ரோட்டோரப் பூண்டு. தரையோடு படிந்த அகல இலை. லத்தீனில் உள்ளங்காலுக்கு உள்ள பெயரிலிருந்து வந்த பெயர். வாழைக்கு வந்த பிளான்டெய்ன் ஸ்பானிஷ் வழியாக வந்த வேறு கதை. சரி, அந்தப் பூண்டுக்கு இங்கிலீஷ்காரனின் சொந்தப் பெயர் என்ன தெரியுமா? வேபிரெட்! அந்த 'பிரெட்' ரொட்டியும் இல்லை. 'பிராட்', அகலம். வழியோரத்தில் அகலமாகக் கிடப்பது. ஆக, ஒரே செடியை நான் ஒரு பக்கத்தில் வாழையாகவும் அடுத்த பக்கத்தில் கட்டுச்சோறாகவும் ஆக்கியிருந்தேன். வயிறு இளக ராத்திரி வெந்நீரில் போட்டுக் குடிக்கிறோமே இசப்கோல், அது இந்தப் பூண்டுக்குச் சொந்தக்காரன்தான் என்று சார் சொன்னபோது, ஏதோ ஊரில் உறவுக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

''ஞாயித்துக்கிழமை கன்னிமாரா லைப்ரரி போ. பெரிய ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியைப் பாத்துட்டு வந்து, மறுபடி முதல்லேர்ந்து எழுது. காசு கிடையாது'' என்றார்.

போனேன். சாப்பாடு இல்லாமல் எட்டு ஞாயிற்றுக்கிழமை. அந்த அகராதியில் செத்த வார்த்தைகளுக்கு முன்னால் சிலுவை மாதிரி ஒரு குறி போட்டிருக்கிறார்கள். பக்கத்தைப் புரட்டினால் கல்லறைத் தோட்டத்தில் நடப்பது போல இருக்கும். ஆனால் ஒரு முறை உள்ளே வந்த வார்த்தையை அவர்கள் வெளியே அனுப்புவதே இல்லை. செத்தாலும் இடம் உண்டு. (எங்கள் ஆபீசில் சில ஃபைல்களுக்கும் இதே சலுகை உண்டு.)

'சிம்பிள்' என்றால் ஒரே ஒரு மூலிகையால் ஆன மருந்து என்று அங்கேதான் தெரிந்துகொண்டேன். நான் 'எளியவர்களைப் பறித்துக் காயவைத்து' என்று எழுதியிருந்தேன்! 'பேன்' என்றால் கொலைகாரன். ஹென்பேன், உல்ஃப்ஸ்பேன் என்று வந்தால் அந்தச் செடி ஆளைச் சாய்க்கும் என்று பெயரிலேயே எச்சரிக்கை. 'நிட்போன்' என்றால் எலும்பு ஒட்டி. காம்ஃப்ரே என்ற செடியின் பழைய பெயர். அந்தக் காம்ஃப்ரே இலை என்று நினைத்து, பார்க்க அதே மாதிரி இருக்கும் ஃபாக்ஸ்கிளவ் இலையைப் பறித்துக் கஷாயம் வைத்து, இதயம் தாறுமாறாகித் தவித்தவர்கள் மேல்நாட்டில் உண்டு.

அந்த ஃபாக்ஸ்கிளவ்வுக்கும் ஒரு கதை. 1775-ல் வில்லியம் விதரிங் என்ற இங்கிலீஷ் டாக்டரிடம் ஒரு குடும்ப மருந்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். ஷ்ராப்ஷயரில் ஒரு கிழவி ரகசியமாக வைத்திருந்த மருந்து. இருபதுக்கு மேல் மூலிகைகள். 'டிராப்ஸி'க்குக் கொடுப்பாளாம். டிராப்ஸி என்பதும் இப்போது டாக்டர்கள் கைவிட்ட வார்த்தைதான். உடம்பில் நீர் கோத்து வீங்குவது. பெரிய டாக்டர்கள் கைவிட்ட கேஸ்கள்கூட அவளிடம் தேறியிருக்கின்றன. இருபதில் வேலை செய்வது ஃபாக்ஸ்கிளவ் ஒன்றுதான் என்று விதரிங் கண்டுபிடித்து, பத்து வருஷம் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து 1785-ல் புத்தகம் போட்டார். இதய நோய்க்குத் தரும் டிஜாக்ஸின் அந்தச் செடி வகையிலிருந்து வந்ததுதான். அந்தக் கிழவியின் பெயரை விதரிங் எழுதி வைக்கவில்லை. எனக்கு அதில் இன்றும் கோபம் உண்டு.

நிக்கோலஸ் கல்பெப்பரை அங்கேதான் சந்தித்தேன். என் கட்சிக்காரர், மொழிபெயர்ப்பாளர். லண்டன் வைத்தியர்கள் தங்கள் மருந்துப் புத்தகத்தை லத்தீனிலேயே பூட்டி வைத்திருந்தார்கள். 1649-ல் அவர் அதைச் சாதாரண இங்கிலீஷில் போட்டு உடைத்துவிட்டார். ஏழைகளும் படித்துவிட்டால் ஃபீஸ் என்னாவது? வைத்தியர்கள் கொதித்துப் போனார்கள். அவர் விடாமல் 1652-ல் சொந்தமாக ஒரு மூலிகைப் புத்தகம் எழுதினார். முப்பத்தேழு வயசில் செத்துப் போனார். புத்தகம் இன்னும் விற்கிறது. அவர் மொழிபெயர்த்ததால் வைத்தியர்களுக்கு ஆபத்து. நான் மொழிபெயர்த்ததால் நோயாளிகளுக்கு.

மாலையில் சாரிடம் போய் ஒப்பிப்பேன். அவருக்கு அது பிடிக்கும். டீ சொல்லுவார். மெடோஸ்வீட் என்ற புல்வெளிப் பூச்செடிக்கு 'ஸ்பைரியா' என்று பழைய தாவரப் பெயர். ஆஸ்பிரினின் நடுவில் இருக்கும் 'ஸ்பிர்' அதுதான். 1899-ல் பேயர் கம்பெனி வைத்த பெயர். இதைச் சொன்னபோது, ''அப்ப மானேஜர் தர்ற தலைவலிக்கு நீ புல்லைத்தான் முழுங்கறே'' என்றார். பதிலுக்கு அவர் ஒன்று சொன்னார்: வெள்ளைக்காரன் செண்டுப் புட்டியில் 'வெட்டிவர்' என்று போடுகிறானே, அது நம் வெட்டிவேர், பிரெஞ்சுக்காரன் வழியாகப் போய்ச் சேர்ந்தது.

சில வார்த்தைகளுக்கு மட்டும் பதில் கிடைக்கவில்லை. ஒன்பது மூலிகைகளைப் போற்றும் பழைய மந்திரம் ஒன்று உண்டு. அதில் 'அட்டர்லோத்' என்று ஒரு மூலிகை. 'அட்டர்' என்றால் விஷம். விஷ முறிப்பான் என்று தெரிகிறது. எந்தச் செடி என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. சிலந்திக்கு அந்த அட்டரை வைத்து 'அட்டர்காப்' என்று ஒரு பழைய பெயர் உண்டு. அதன் வால்தான் 'காப்வெப்' என்ற ஒட்டடையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆக, ஒட்டடை பிழைத்துவிட்டது, மருந்து போய்விட்டது. ''செடி எங்கேயும் போயிருக்காதுப்பா. ஏதாவது வேலியோரம் நின்னுட்டிருக்கும். அதுதான் இதுன்னு சொல்ல ஆள் இல்லை'' என்றார் சார். அன்றைக்குத் தாளை மூக்கில் இடித்துக்கொண்டே படித்தார்.

புத்தகம் என்ன ஆயிற்று? வரவே இல்லை. காகித விலை ஏறிவிட்டது என்று சொல்லி முதலாளி அதை மூட்டை கட்டிவிட்டு ராசிபலன் போடப் போய்விட்டார். எனக்கு வர வேண்டிய பாக்கி நாநூற்றுச் சொச்சம். இதுவரை வரவில்லை. சார் அடுத்த வருஷமே வேலையை விட்டார். எழுத்து சுத்தமாகத் தெரியவில்லை. அவ்வப்போது வீட்டுக்குப் போய்ப் பேப்பர் படித்துக் காட்டுவேன். எனக்குக் கல்யாணம், மாற்றல் என்று ஆன பிறகு போவது குறைந்தது. 2001-ல் போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. நாலு மாசம் கழித்துத்தான் தெரிந்தது.

2015 மார்ச்சில் ஒரு காலை, ஆபீஸ் போகும் ரயிலில் செய்தியைப் பார்த்தேன். இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகம். பழைய இங்கிலீஷ் படித்த கிறிஸ்டினா லீ என்ற அம்மையாரும் கிருமி ஆராய்ச்சி செய்யும் ஃப்ரேயா ஹாரிசனும் சேர்ந்து, 'பால்டின் லீச் புக்' என்ற ஆயிரம் வருஷ ஏட்டிலிருந்து ஒரு கண் மருந்தைத் தயாரித்துப் பார்த்திருக்கிறார்கள். பூண்டு, மது, மாட்டுப் பித்தம், பித்தளை, ஒன்பது ராத்திரி...

எனக்குக் கை நடுங்கியது. அதே மருந்து!

பல ஆன்டிபயாட்டிக்குகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற கிருமியை அது ஆய்வகத்தில் கொன்று குவித்திருக்கிறது. பூண்டை மட்டும், பித்தத்தை மட்டும் என்று தனித்தனியாகப் போட்டால் அந்த வேலை நடக்கவில்லை. ஏட்டில் சொன்ன எல்லாம் சேர்ந்து, சொன்ன நாள் வரைக்கும் இருக்க வேண்டியிருந்தது. (ஆய்வகத்தில்தான் ஐயா! யாரும் பித்தளைச் செம்பை எடுத்துக்கொண்டு கசாப்புக் கடைக்குக் கிளம்ப வேண்டாம். கண்ணுக்குக் கண் டாக்டர்.)

அந்தச் செய்தியில் ஒரு விஷயம். 'கிராப்லீக்' என்பது வெங்காயமா, லீக் என்ற தண்டுக்கீரையா என்று அவர்களால் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அதனால் இரண்டையும் தனித்தனியாகப் போட்டு இரண்டு விதமாகத் தயாரித்திருக்கிறார்கள்.

ராத்திரி வீட்டுக்கு வந்து பரணில் ஏறினேன். ''இந்த வயசுல என்னத்தைத் தேடறீங்க?'' என்று மனைவி கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டாள். பழைய டிரங்குப் பெட்டியில், வருமான வரிக் காகிதங்களுக்கு அடியில் அந்தக் கேலி புரூஃப் தாள் இருந்தது. ஓரமெல்லாம் பழுப்பு. என் அட்டை வரியின் மேல் குறுக்கே சிவப்பு மையில் ஒரே கோடு, தாள் கிழியும் அளவுக்கு. அதற்கு மேலே, நான் 'வெங்காயம்' என்று எழுதியிருந்த இடத்தைச் சுற்றி ஒரு வட்டம். பக்கத்தில், வரி கோணிக்கோணிப் போகும் அவருடைய எழுத்து:

'வெங்காயமா, லீக்கா? தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்த மாதிரி எழுதாதே. கிராப்லீக் என்றே இருக்கட்டும். எவனாவது பின்னால் வந்து கண்டுபிடிப்பான்.'

''என்ன, கிடைச்சுதா?'' என்றாள் மனைவி கீழேயிருந்து.

''கிடைச்சுது'' என்றேன். அங்கேயே பரணில் உட்கார்ந்து, செல்போனில் இருந்த செய்தியை முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக, நிறுத்தி நிறுத்திப் படித்தேன்.